பேச்சு முதலில், விரல் பிறகு

சீட்டு வித்தை பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே தேடுவது, கட்டை விசிறிபோல விரிப்பது எப்படி, ஒற்றைக் கையால் வெட்டுவது எப்படி என்பதைத்தான். யூடியூபில் கண்ணைப் பறிப்பது அதுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த இயல் அவர்களிடம் வேறொன்று கேட்கிறது. முதல் சில மாதங்களுக்கு விரல் வேலையை ஒதுக்கி வையுங்கள். விரல் சாமர்த்தியமே தேவைப்படாத இரண்டு மூன்று வித்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எப்போது சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவற்றில் மட்டும் பழகுங்கள். இது சுலபமான வழி என்பதற்காகச் சொல்லவில்லை. சொல்லப்போனால் இதுதான் கடினமான வழி. மேசைமேல் சீட்டுக்கு என்ன ஆனது என்பதைவிட, என்ன ஆனதென்று பார்த்தவர் பிறகு நினைத்துக்கொள்கிறாரோ அதில்தான் வித்தையின் பலம் இருக்கிறது. அந்த நினைப்பை உருவாக்குவது பெரும்பாலும் பேச்சும் இடைவெளியும்தான். விரல் அவற்றுக்குத் துணை நிற்கும்; அவற்றின் இடத்தை ஒருபோதும் பிடிக்காது.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் குலுக்கித் தந்த கட்டின் மேல்சீட்டை யாரும் பார்க்காதபோது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் ராணி என்று வைத்துக்கொள்வோம். கட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, எதிரில் இருப்பவரை வெட்டச் சொல்லுங்கள். அவர் மேலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். மீதியை நீங்கள் எடுத்து, அவர் எடுத்துவைத்த பகுதியின்மேல் குறுக்காக, கூட்டல் குறிபோல வையுங்கள். “நீங்க வெட்டின இடத்துக்கு அடையாளம்” என்று சொல்லிக்கொண்டே வைக்கலாம். உடனே மேல்பகுதியைத் தூக்கி, அடியில் இருப்பதன் மேல்சீட்டைக் காட்டி, “இதுதான் நீங்க வெட்டின சீட்டு” என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். ஏனென்றால் அது வெட்டிய இடத்துச் சீட்டே இல்லை. முதலில் கட்டின் உச்சியில் இருந்த அதே ஆட்டின் ராணி. இதையே இன்னொருவரிடம் செய்யுங்கள். இந்த முறை குறுக்காக வைத்ததும் கட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். “குலுக்கினது நீங்க. வெட்டினதும் நீங்க. இன்னும் கொஞ்சம் கீழ வெட்டியிருந்தா வேற சீட்டு வந்திருக்கும், இல்லையா?” அவர் ஆமாம் என்று தலையாட்டட்டும். பத்துப் பதினைந்து விநாடி கழித்து மேல்பகுதியைத் தூக்கிச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக எவரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். கட்டு அவர் கண்முன்னேதான் இருந்தது, எதையும் யாரும் மறைக்கவில்லை. எந்தப் பகுதி எங்கே இருந்தது என்ற நினைவு மட்டும் அந்தப் பத்து விநாடியில் கரைந்துவிட்டது. இரண்டு முறையும் விரல்கள் செய்தது ஒன்றே. ஒன்று தோற்று மற்றொன்று வென்றதற்குப் பேச்சும் இடைவெளியும் தவிர வேறு காரணம் இல்லை.

ஆய்வுக்கூடத்திலும் இதற்குச் சான்று உண்டு. குஸ்டாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வித்தைக்காரர் ஒரு பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவதுபோலக் கையை மட்டும் அசைக்கிறார். பந்து உள்ளங்கையிலேயே இருக்கிறது. அவர் அண்ணாந்து பார்த்தபோது, பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்தபோது அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. கையின் அசைவில் மாற்றமில்லை, பார்வைதான் மாறியது. கனடாவில் ஜே ஓல்சனும் சக ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு சீட்டைப் பற்றியது. கட்டை வேகமாகப் புரட்டிக் காட்டி ஒரு சீட்டை மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 98 விழுக்காட்டினர் வித்தைக்காரர் நினைத்த சீட்டையே தேர்ந்தார்கள். தங்கள் தேர்வில் அவருடைய தலையீடு இருந்ததைக் கவனித்தவர்கள் 9 விழுக்காடுதான். இதில் புரட்டுவதற்கு விரல் பழக்கம் வேண்டும் என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் நமக்கு வேண்டியது இரண்டாவது எண். ‘நானாகத்தான் எடுத்தேன்’ என்ற உணர்வு, உண்மையில் என்ன நடந்தது என்பதிலிருந்து எவ்வளவு எளிதாகக் கழன்றுகொள்கிறது என்று அது காட்டுகிறது. குறுக்கு வெட்டில் நீங்கள் பயன்படுத்தியதும் அதே கழலலைத்தான்.

பாமர மக்களை இப்படி ஏமாற்றலாம், விவரம் தெரிந்தவர்களிடம் விரல் சுத்தம்தானே வேண்டும் என்று கேட்கலாம். வித்தைக்காரர்கள் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவரும் சம்பவம் ஒன்று இதற்குப் பதில். சிகாகோவில் 1922-ல் டாய் வெர்னன் என்ற இளைஞர், ஹாரி ஹுடினியிடம் ஒரு வித்தை காட்டினார். விலங்கிலிருந்தும் பெட்டியிலிருந்தும் தப்பி வெளியேறிப் புகழ்பெற்ற ஹுடினி, ஆரம்ப காலத்தில் தன்னைச் சீட்டு ராஜா என்று விளம்பரப்படுத்திக்கொண்டவர். அவரே கையெழுத்துப் போட்ட சீட்டைக் கட்டில் மேலிருந்து இரண்டாவதாகச் செருகினார் வெர்னன். சீட்டு உச்சிக்கு வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் ஹுடினியால் பிடிக்க முடியவில்லை. வெர்னனின் கை சுத்தத்தில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் கை சுத்தம் மட்டும் அதற்குக் காரணமில்லை. இரண்டாவதாகச் செருகப்படுவது தன் சீட்டுதான் என்று அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு உற்றுப் பார்த்தும் பயனில்லை. விவரம் தெரிந்தவர் விரலைப் பார்ப்பார். அவர் பார்க்கத் தொடங்குவதற்குள் காரியம் முடிந்திருக்க வேண்டும்.

இனி அடுத்த வித்தை. பழங்காலத்து உத்திதான், சாவிச் சீட்டு என்று சொல்லலாம். கட்டை எதிரில் இருப்பவரிடமே கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கி, ஓரங்களை மேசையில் தட்டிச் சீராக்கும்போது அடிச்சீட்டு கண்ணில் படும். கிளாவர் 7 என்று வைத்துக்கொள்வோம், அதுதான் சாவி. கட்டைக் கவிழ்த்து விரித்து அவரை ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அவரே அதைக் கட்டின்மேல் வைக்கட்டும். பிறகு அவரே வெட்டி, அடிப்பகுதியை எடுத்து மேலே வைக்கட்டும். சாவி இப்போது அவர் சீட்டுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. எத்தனை முறை வெட்டினாலும் இந்த ஜோடி பிரியாது. வெட்டும்போது சீட்டுகளின் வரிசை மாறுவதில்லை, தொடக்கம்தான் மாறுகிறது. 52 சீட்டையும் ஒரு வட்டமாக நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அரிதாக ஒருமுறை வெட்டு சரியாக அந்த ஜோடியின் நடுவே விழுந்து, சாவி அடியிலும் அவர் சீட்டு உச்சியிலும் போய்விடக்கூடும். அதனால் சீட்டுப் போடும்போது முதலில் வந்த சீட்டு எது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை கிளாவர் 7 வராமல் கடைசிச் சீட்டாக வந்தால், அவர் சீட்டு அந்த முதல் சீட்டுதான். இன்னோர் எச்சரிக்கை: ‘கலைங்க’ என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். ‘வெட்டுங்க’ என்ற சொல்லை மட்டும் பயன்படுத்துங்கள். நம் ஊரில் ரம்மியும் முந்நூற்றுநாலும் ஆடிப் பழகிய கைகள் கலை என்றால் உண்மையிலேயே கலைத்துவிடும்.

இதுவரை சொன்னது ரகசியம். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், பெரும்பாலோர் அங்கேயே நின்றும்விடுகிறார்கள். சீட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் போட்டு, கிளாவர் 7 வந்ததும் அடுத்த சீட்டைத் தூக்கி “இதானே?” என்கிறார்கள். எதிராளி “ம், கரெக்ட்” என்கிறார். அதோடு சரி. இதே வித்தையை வேறு விதமாக முடித்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று பாதி தெரிகிற மாதிரி சீட்டுகளை ஒரே தாளத்தில் போட்டுக்கொண்டே வாருங்கள். கிளாவர் 7 விழுகிறது, அடுத்து ஆட்டின் 9 விழுகிறது. அதுதான் அவருடையது. கை நிற்கக் கூடாது, மூச்சுகூட மாறக் கூடாது. இன்னும் ஐந்தாறு சீட்டு போட்ட பிறகு நிறுத்தி, கட்டின் மேல்சீட்டைக் கட்டைவிரலால் அரைகுறையாகத் தள்ளி வைத்துக்கொண்டு, “அடுத்து நான் திருப்பப் போற சீட்டு உங்க சீட்டு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். தன் சீட்டு எப்போதோ போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். உதட்டோரம் சிரிப்பு வரும், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். அப்போது தள்ளி வைத்த சீட்டை விட்டுவிட்டு, மேசையில் கிடக்கும் ஆட்டின் 9-ஐ எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். நீங்கள் சொன்ன சொல்லில் பொய் இல்லை. அடுத்துத் திருப்பிய சீட்டு அதுதான். ரகசியம் இரண்டிலும் ஒன்றே என்றாலும், முதலாவதை யாரும் மறுநாள் பேச மாட்டார்கள். இரண்டாவதைப் பேசுவார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. இதை வைத்துப் பந்தயம் கட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. நீங்கள் கட்டாதீர்கள்.

விரல் இல்லாத வித்தைகள் எல்லாமே எண்ணிக்கொண்டே இருக்கிற சலிப்பான வித்தைகள் என்பது அனுபவம் உள்ளவர்கள் எழுப்பும் ஆட்சேபம். 21 சீட்டை மூன்று வரிசையாகப் போட்டு, எந்த வரிசை என்று மூன்று முறை கேட்கும் பழைய வித்தையைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். நான் அதைப் பரிந்துரைக்கவும் இல்லை. அதற்காகக் கணக்கின்மேல் நிற்கும் எல்லாவற்றையும் ஒதுக்குவது நஷ்டம். நார்மன் கில்பிரெத் 1958-ல் வெளியிட்ட தத்துவத்தைப் பாருங்கள். கட்டை முன்கூட்டியே சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று மாறி மாறி அடுக்கி வைக்கிறீர்கள். பார்ப்பவர் மேலிருந்து சில சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் போட்டு ஒரு குவியல் ஆக்குகிறார். எத்தனை என்பது அவர் விருப்பம், பாதிக்குப் பக்கமாக இருந்தால் கலைக்க வசதி. பிறகு அந்தக் குவியலையும் மீதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரங்களைப் படபடவென்று விட்டு ஒன்றோடொன்று பின்னிக் கலைக்கிறார். ஒருமுறைதான். இப்போது நீங்கள் கட்டை மேசைக்கு அடியிலோ துண்டுக்குள்ளோ கொண்டுபோய், ஒவ்வொரு ஜோடியாக எடுத்துப் போடுகிறீர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. 26 ஜோடியிலும் அப்படியே. தொட்டுப் பார்த்தே நிறம் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தாலே போதும்.

எப்படி என்று தெரியாமல் செய்தால் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள், ஆகவே காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டை ஒவ்வொன்றாகப் போட்டதால் அந்தக் குவியலின் வரிசை தலைகீழாகிறது. இரு குவியல்களின் உச்சியிலும் எதிரெதிர் நிறங்கள் நிற்கின்றன. கலைத்த பிறகு மேலே வரும் முதல் சீட்டு எந்தக் குவியலிலிருந்து வந்திருந்தாலும், அது சிவப்பு என்றால், அந்தக் குவியலில் அடுத்தது கறுப்பு. மற்றதன் உச்சியும் கறுப்பு. ஆகவே இரண்டாவது சீட்டு எங்கிருந்து வந்தாலும் கறுப்புதான். அந்த ஜோடி போனதும் உச்சிகள் மறுபடி எதிரெதிர் நிறமாகிவிடுகின்றன. கடைசிவரை இதே கதைதான். பார்ப்பவர் ஏமாறுவது இந்தக் கணக்கில் அல்ல. ‘நானே கலைத்தேன், வரிசை குலைந்துபோயிருக்கும்’ என்ற நம்பிக்கையில்தான் ஏமாறுகிறார். அந்த நம்பிக்கை தவறு என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணிதவியலாளர்கள் 1992-ல் காட்டினார்கள்: இந்த முறையில் ஏறத்தாழ ஏழு தடவை கலைத்தால்தான் 52 சீட்டும் போதிய அளவு கலைந்ததாகக் கொள்ள முடியும். டயகோனிஸ் பதினான்கு வயதில் வெர்னனோடு ஊர் சுற்றப் புறப்பட்டு, வித்தைக்காரராக இருந்து கணிதத்துக்கு வந்தவர் என்பது இங்கே பொருத்தமான தகவல். ஆக, நீங்கள் பேச்சில் அழுத்த வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிட்டது. கலைத்தது யார் என்பதை இரண்டு முறை நினைவூட்டுங்கள், எத்தனை தடவை கலைத்தார் என்பதைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

எல்லா ரகசியமும் இணையத்தில் கிடக்கிறது, எளிய வித்தை யாரிடம் எடுபடும் என்பது இன்றைய கேள்விபோலத் தோன்றும். இது பழைய கேள்வி. ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர், சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி அப்பாவிகளைத் தண்டிப்பதைக் கண்டித்து 1584-ல் எழுதிய நூலில், கண்கட்டு வித்தைகளில் மந்திரம் ஏதுமில்லை என்று நிறுவ, சீட்டு வித்தைகள் உட்பட பலவற்றின் செய்முறையை அச்சிலேயே வெளியிட்டார். நானூற்று நாற்பது ஆண்டு ஆகிவிட்டது, சீட்டு வித்தை அழியவில்லை. செய்முறை தெரிந்தவருக்கும், அது இப்போது தன் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்டுகொள்வது வேறு வேலை. இணையம் கெடுத்தது ரகசியத்தை அல்ல, பழகும் முறையைத்தான். அரை நிமிட வீடியோவில் ஆள் முகமே இருக்காது. இரண்டு கையும் ஒரு கட்டும் மட்டும் இருக்கும். அதைப் பார்த்துப் பழகுகிறவர், எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்பதையே மறந்து பழகுகிறார்.

விரல் வேலைக்கு எப்போதாவது வரத்தானே வேண்டும் என்றால், வர வேண்டும். மேலே சொன்ன மூன்றையும் யோசிக்காமல் பேசிச் செய்ய வந்த பிறகு வாருங்கள். முதலில் ஒன்றே ஒன்று போதும்: சாதாரணமாகக் கையில் குலுக்கும்போது அடிச்சீட்டை அடியிலேயே நிறுத்துவது. வலது கையில் கட்டைப் பிடித்து, இடது கட்டைவிரல் மேல்சீட்டையும் மற்ற விரல்கள் அடிச்சீட்டையும் தொட்டிருக்க, வலது கையைக் கட்டோடு மேலே இழுங்கள். இரண்டு சீட்டு மட்டும் இடது உள்ளங்கையில் தங்கும். மீதியை அவற்றின்மேல் வழக்கம்போலக் குலுக்கிப் போட்டுவிடுங்கள். அடிச்சீட்டு நகரவில்லை. இப்போது சாவியைக் குலுக்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், சாவிச் சீட்டு வித்தை இன்னும் பலம் பெறுகிறது. கண்ணாடி முன் பழகாதீர்கள். தப்பு நடக்கும் கணத்தில் கண் சிமிட்டிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. செல்போனை எதிராளியின் கண் உயரத்தில் வைத்துப் படமெடுத்து, பிறகு பாருங்கள். விரல் நீளமில்லை, வயதாகிவிட்டது என்று தயங்குகிறவர்களுக்கு அர்ஜென்டினாவின் ரெனே லவாந்த் போதுமான பதில். சிறுவயது விபத்தில் வலது கையை இழந்த அவர் இடது கை ஒன்றையே வைத்து உலகப் புகழ் பெற்றார். வேகத்தை முற்றிலும் விட்டு, மெதுவாகச் செய்வதையே தன் முத்திரையாக்கிக்கொண்டார்.

எங்கே காட்டினாலும் ‘மறுபடி காட்டு’ என்ற குரல் வரும். அதே வித்தையைக் காட்டாதீர்கள். முதல் தடவை எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் பார்த்தவர், இரண்டாம் தடவை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்ப்பார். வெர்னன் திரும்பச் செய்தார் என்று வாதிடலாம். அந்த வித்தையே திரும்பச் செய்வதற்கென்று அமைந்தது, அவர் வெர்னனும்கூட. உங்களிடம் மூன்று வித்தை இருப்பது இதற்குத்தான்: “இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு” என்று அடுத்ததற்குப் போய்விடுங்கள். தவறிவிட்டால் விளக்கம் சொல்லாமல் சிரித்துவிட்டு நகருங்கள். விலை உயர்ந்த கட்டு வேண்டியதில்லை. ஓரம் மடங்காத, கறை இல்லாத, ஒரே மாதிரிப் பின்பக்கம் உள்ள புதுக் கட்டு ஒன்று போதும். சிறிய கையென்றால் அகலமான போக்கர் அளவைவிட, குறுகலான பிரிட்ஜ் அளவு பிடிக்க வசதி. காசு வைத்து ஆடும் இடத்தில் மட்டும் வித்தை காட்டாதீர்கள், வித்தை காட்டியவர்களோடு பிறகு காசு வைத்தும் ஆடாதீர்கள். சீட்டுக்கட்டைக் கண்டாலே சூதென்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. குறுக்கு வெட்டை முதலில் அவர்களில் ஒருவரிடமே காட்டுங்கள். அடுத்த இயலைத் திறப்பதற்கு முன் மூன்று வித்தைகளையும் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் காட்டி, மறுநாள் அவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இயலின் பயிற்சிகளுக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.